வெற்று வைரமும் சத்தியவேடும்

யூஎம்எல் கிளாஸ் டயகிராம் வரையும் மக்களிடம் ஒரு கேள்வி. இரண்டு கிளாஸுக்கு நடுவில் ஒரு வெற்று வைரம் போடுகிறீர்களே, அதற்கு என்னதான் அர்த்தம்? பத்து பேரைக் கேட்டால் பத்து பதில் வரும். சரி, ஸ்டாண்டர்டையே புரட்டலாம் என்றால், 2015-இல் வந்த 2.5 பதிப்பும் இந்த அக்ரிகேஷனின் துல்லியமான பொருள் துறைக்கும் வரைபவருக்கும் ஏற்ப மாறும் என்று கைகழுவிவிட்டது. யூஎம்எல்லைப் பெற்ற மூவரில் ஒருவரான ஜேம்ஸ் ரம்பாவே இதை மருந்தில்லாத ஆறுதல் மாத்திரையோடு ஒப்பிட்டிருக்கிறார்.

கறுப்பு வைரம், அதாவது காம்போசிஷன், இதற்குப் பரவாயில்லை. ஒரு பாகம் ஒரு நேரத்தில் ஒரே முழுமைக்குத்தான் சொந்தம். முழுமை அழிந்தால் பாகமும் கூடவே போகும், முன்பே பிரித்து எடுத்திருந்தால் தப்பிக்கும். பிரச்சினை என்னவென்றால், தனித்தனியான இரண்டு விஷயங்களை ஒரே குறியில் கட்டிவிட்டார்கள்.

எங்க ஊர் சத்தியவேட்டையே பாருங்கள். செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி மெட்ராஸ் மாநிலத்துக்கு வர, சத்தியவேடு ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்துக்குப் போனது. 2022 ஏப்ரல் 4-இல் புதிய திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. மூன்று மாவட்டம் பார்த்த ஊர், ஆனால் ஒரே நேரத்தில் இரண்டில் இருந்ததே இல்லை. சரி, மாவட்டம் போனால் ஊரும் போகுமா? அந்தப் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை 1997-இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரித்தார்கள். ஒரு கிராமமும் காணாமல் போகவில்லை.

ஆக, ஒரே சொந்தக்காரரா? ஆமாம். சேர்ந்தே அழியுமா? இல்லை. இப்போது எந்த வைரம் போடுவீர்கள்? கறுப்பைப் பார்க்கும் புரோகிராமர் கேஸ்கேட் டெலீட் எழுதிவிடுவார். மாவட்டத்தை நீக்கினால் ஊர், பட்டா, ரேஷன் கார்டு எல்லாம் கூடவே காலி. வெற்றைப் பார்ப்பவரோ ஒரு ஊருக்கு இரண்டு மாவட்டம் இருக்கலாம் என்று டேபிள் போடுவார். அழிப்பதற்கு முன்னால் ஊரை வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிட்டால் கறுப்பே போதுமே என்பார்கள் சிலர். மாற்ற வேண்டும் என்று படத்தில் எங்கே எழுதியிருக்கிறது?

என்னைக் கேட்டால் வெற்று வைரத்தைத் தூக்கிப் போடுங்கள். சாதாரணக் கோடு போதும். மாவட்டப் பக்கம் '1' என்று போட்டால் முதல் கேள்வி தீர்ந்தது. நீக்கினால் என்ன ஆகும் என்பதை ஒரே வரியில், புரிகிற மொழியில் பக்கத்திலேயே எழுதுங்கள். கறுப்பு வைரம், இரண்டு கேள்விக்கும் 'ஆமாம்' என்று அடித்துச் சொல்ல முடிந்தால் மட்டும். பில்லும் அதன் வரிகளும் மாதிரி.

படம் அழகாக இருக்கிறதா என்று யாரும் கேட்கப் போவதில்லை. பட்டா எங்கே என்றுதான் கேட்பார்கள்.