தை முடிந்ததும் பூ நின்றுவிடுகிறதே... ஏன்?

''வாசலில் 10 தொட்டிகளில் சாமந்தி வைத்துள்ளேன். மார்கழியில் கொத்துக்கொத்தாகப் பூத்தது. இப்போது வெறும் இலைதான். பிடுங்கிவிடலாமா?''
- வாசகி, திண்டுக்கல் மாவட்டம்.

''பிடுங்க வேண்டாம். பகல் பொழுது குறையும் காலத்தில்தான் சாமந்தி மொட்டு வைக்கும். கோடையில் உரத்தைக் கூட்டினால் இலைதான் பெருகும். பூத்து ஓய்ந்த தண்டுகளைக் கவாத்து செய்து, அரை நிழலில் வையுங்கள். அடியில் வரும் பக்கக் கன்றுகளை ஆனி, ஆடியில் பிரித்து நடலாம்.

சாமந்திக்கு 4 தொட்டிகள் போதும். இரண்டில் ஆண்டு முழுக்கப் பூக்கும் நித்தியகல்யாணியை நடுங்கள். அதன் இலை நஞ்சு. ஆடு, மாடு கடிக்காத இடத்தில் வையுங்கள். இரண்டில் பத்துமணிப் பூவின் தண்டைக் கிள்ளி மாசியில் நட்டால், கோடை வெயிலிலும் பூக்கும். மீதி இரண்டில், ஆயுத பூஜைக்கு 60 நாள்கள் முன்பு செண்டுமல்லி விதையுங்கள். தொட்டியின் அடித்துளை அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.''