பேசாத கதாநாயகிகள்

பட்டாயாவை வைத்து மேல்நாட்டார் எழுதும் நாவல்களில் பெரும்பாலும் ஒரே கதைதான். மனைவியைப் பிரிந்த நடுவயது வெள்ளைக்காரர் தாய்லாந்தில் வந்து இறங்குகிறார். மதுக்கடையில் ஒரு பெண் சிரிக்கிறாள். அவர் உருகுகிறார், ஏமாறுகிறார், தத்துவம் பேசுகிறார். அவள் சிரித்ததோடு சரி. அவளுக்கு ஊரில்லை, தாயில்லை, மொழிகூட இல்லை!

2001-ல் வந்த மிஷேல் வெல்பெக்கின் பிரெஞ்சு நாவல் 'பிளாட்ஃபார்ம்' இந்த வியாபாரத்துக்கே தத்துவம் கட்டியது. அதன் நாயகனும் கடைசியில் பட்டாயாவில்தான் ஒதுங்குகிறான்.

அந்த ஊர் மீனவர் குப்பமாக இருந்தது. வியத்நாம் போர்க்காலத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் ஓய்வெடுக்க வந்தார்கள்; மதுக்கடைகள் பெருகின. வடகிழக்கே, வானம் பார்த்த ஈசான் சீமையிலிருந்து பெண்கள் பிழைப்புத் தேடி வந்தார்கள். சம்பாதித்ததை வீட்டுக்கு அனுப்பினார்கள். 1960-ல் விபசாரத்தைத் தடை செய்த அரசாங்கமே 1966-ல் கேளிக்கை விடுதிகளுக்கு லைசென்ஸ் கொடுக்கச் சட்டம் இயற்றிற்று. ஒரு நாவலுக்கு இதைவிட என்ன விஷயம் வேண்டும்?

"பயணி கண்டதைத்தானே எழுத முடியும்?" என்பார்கள். மதுக்கடை வாசலில் நின்றால் மதுக்கடைதான் தெரியும். அவள் அனுப்பும் பணம் எந்த வீட்டு அடுப்பை எரிக்கிறது என்று ஒருமுறை ஈசானுக்குப் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கட்டும். அதற்குச் சோம்பல்படுகிறவர் பேனாவை மூடிவைக்கலாம்; இலக்கியத்துக்கு நஷ்டமில்லை.