ஆகாயத்தில் ஊதா மேகம்

நெய்வேலி அன்பர் ஒருவர் கேட்கிறார்: "நாங்கள் பூமியைத் தோண்டிப் பழுப்பு நிலக்கரி எடுத்து, எரித்து, மின்சாரம் உண்டாக்குகிறோம். ஆகாயத்திலே மின்சாரம் தானாகவே ஓடுகிறதாமே, அதை அளப்பது எங்ஙனம்?"

இடமறிந்து வந்த கேள்வி! துருவப் பிரதேசங்களில் திரைச்சீலைபோல் ஆடும் துருவ ஜோதியை நம்மிற் பலர் படத்திலே பார்த்ததோடு சரி. அந்த ஜோதியை ஒட்டி, சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், லட்சக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் பாய்கிறது. அங்கே கம்பி ஏது, மீட்டர் ஏது?

ஆற்றின் வேகத்தை அறியப் பூவை மிதக்கவிட்டுப் பார்ப்பதில்லையா? அதே உபாயந்தான். பேரியம் என்னும் உலோகத்தை ராக்கெட்டில் ஏற்றி, உயரே சென்றதும் ஆவியாக்கி விடுகிறார்கள். பூமியில் இருட்டியிருக்க வேண்டும். மேலே வெயில் இருக்க வேண்டும். ஆகவே அந்திப்பொழுதே முகூர்த்தம். வெயில் பட்டதும் பேரிய அணுக்களிற் பெரும்பாலானவை ஒவ்வோர் எலெக்ட்ரானை இழந்து மின்னேற்றம் பெறுகின்றன. மேகம் இரண்டாகப் பிரிகிறது. மின்னேற்றம் பெறாத பச்சை மேகம் காற்றோடு போய்விடும். ஊதா மேகமோ பூமியின் காந்தக் கோடுகளின் வழியே நீண்டு, மின்புலம் தள்ளுகிற தள்ளலில் அக்கோடுகளுக்குக் குறுக்கே நகரும். அதைப் பல ஊர்களிலிருந்து படம் பிடித்து வேகத்தைக் கணித்துக் காந்த பலத்தால் பெருக்கினால் மின்புலம் கிடைத்துவிடும். 1967-இல் ஸ்வீடனிலுள்ள கிருனாவில் ஜெர்மானிய விஞ்ஞானிகள் துருவ ஜோதிப் பிரதேசத்தை இவ்வாறே ஆராய்ந்தார்கள்.

நிற்க. நம் நாட்டில் ஆவி மேகத்தின் கதை தும்பாவில் தொடங்குகிறது. 1963 நவம்பர் 21 மாலை அமெரிக்க ராக்கெட் ஒன்று பிரெஞ்சு விஞ்ஞானிகளின் ஸோடியத்தைச் சுமந்து சென்று, வானத்தில் ஆரஞ்சு வர்ணம் தீட்டிற்று. ராக்கெட் பாகத்தைச் சைக்கிளில் கொண்டுபோன படத்தைக் கொண்டாடும் நாம், அந்த மேகம் என்ன சொல்லிற்றென்று கேட்பதில்லை. அது சொன்னது காற்றின் கதை, மின்புலத்தின் கதையன்று. அதற்குப் பேரியம் வர வேண்டியிருந்தது. 1968-இல் அதே ஜெர்மானியக் குழுவினர் தும்பாவில் பேரியம் தூவினார்கள். அவ்விடம் காந்த நடுக்கோட்டை ஒட்டியது; காந்தக் கோடுகள் அங்கே தெற்கு வடக்காகப் படுத்துக் கிடக்கின்றன. ஆகவே துருவத்தருகே நிமிர்ந்து நீளும் ஊதா மேகம் நம் நாட்டில் படுத்தே நீளும். பின்னர் 1980-களில் ஆமதாபாத் விஞ்ஞானிகள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நம் ரோகிணி ராக்கெட்டிலேயே பேரியத்தை அனுப்பினார்கள்.

நம் தலைக்கு மேலுள்ள மின்புலம் மீட்டருக்கு ஒரு மில்லிவோல்ட் அளவினது. துருவத்தருகே அது ஐம்பது மடங்குகூட ஆவதுண்டு. இதனால் மின்நிலையத்து ஊருக்கு என்ன என்கிறீர்களா? 1989 மார்ச் 13 அன்று காந்தப் புயல் ஒன்றில் அந்த ஆகாய மின்சாரம் சீறியெழுந்து, கானடாவில் க்யூபெக் மாகாணத்து மின்கம்பிகளிலே புகுந்தது. ஒன்றரை நிமிஷத்தில் மாகாணம் முழுவதும் இருண்டது. அறுபது லட்சம் மக்கள் ஒன்பது மணி நேரம் விளக்கின்றித் தவித்தார்கள்.