நுரையீரலுக்குள் ஒரு குறுக்கு வழி

உங்கள் வீட்டு மேஜை டிராயரில் இன்னமும் அந்த ஆக்ஸிமீட்டர் கிடக்கிறதா? விரலில் மாட்டிக்கொண்டு, '97-ஆ, 93-ஆ' என்று குடும்பமே எட்டிப் பார்த்த கருவி!

கொரோனா காலத்தில் டாக்டர்களையே திகைக்க வைத்த விஷயம் ஒன்று உண்டு. சில நோயாளிகள் சாதாரணமாகப் போனில் பேசிக்கொண்டிருப்பார்கள். ஆக்ஸிமீட்டரோ 80-க்கும் கீழே காட்டும். மூச்சு உள்ளே போகிறது. ஆனால் ஆக்சிஜன் ரத்தத்தில் போதுமான அளவு சேரவில்லை. ஏன்?

பதில் ஒளிந்திருந்த இடம், நுரையீரலின் மிக நுண்ணிய ரத்தக்குழாய்கள். அவற்றைப் பார்ப்பதுதான் பெரும்பாடு.

ரத்தக்குழாயைப் படம் பிடிக்கும் ஆசை மிகப் பழையது. ராண்ட்ஜென் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895 நவம்பரில். இரண்டே மாதத்தில் வியன்னாவில் ஹாஷெக், லிண்டென்தால் என்ற இருவர், உயிரற்ற ஒரு கையின் ரத்தக்குழாய்களுக்குள் சுண்ணாம்பு சேர்ந்த கலவையைச் செலுத்திப் படம் எடுத்துவிட்டார்கள். ஒரே ஒரு படத்துக்கு 57 நிமிடம் பிடித்தது!

கலவை எதற்கு? எலும்பு எக்ஸ்ரேயைத் தடுக்கும், அதனால் பளிச்சென்று தெரியும். ரத்தமும் சதையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் கதிரை விடும், அதனால் பிரித்துத் தெரியாது. இன்றைக்கும் ஆஞ்சியோகிராமுக்கு 'டை' ஏற்றுவது இதனால்தான்.

ஆனால் ஆஞ்சியோவிலும் ஆஸ்பத்திரி சி.டி. ஸ்கேனிலும் தெரிவது பெரிய குழாய்கள் மட்டுமே. தந்துகிகளின் அகலம் 5 முதல் 10 மைக்ரான். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு. ரத்த அணுக்கள் அதற்குள் ரேஷன் கடை வரிசை மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போக முடியும். மைக்ராஸ்கோப்பில் இது தெரியும். ஆனால் அதற்குத் திசுவை மெல்லிய சீவலாக வெட்ட வேண்டும். இலையைப் பார்த்துவிடலாம், மரம் தெரியாது. ஸ்கேனில் மரம் தெரியும், இலை தெரியாது.

இரண்டையும் சேர்த்துப் பார்க்க வழி செய்தவர்களில் ஒருவர் டாக்டரே அல்ல. பால் டஃபோரோ, புதைபடிமங்களை எக்ஸ்ரேயில் ஆராய்பவர். பிரான்ஸின் கிரெனோபிள் நகரில், 844 மீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் எலக்ட்ரான்களைச் சுழலவிட்டு எக்ஸ்ரே உண்டாக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை. அந்தக் கதிரின் பிரகாசம் ஆஸ்பத்திரி எக்ஸ்ரேயைவிடப் பல ஆயிரம் கோடி மடங்கு. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பீட்டர் லீ, ஜெர்மனியின் நோயியல் நிபுணர்கள் டேனி யோனிக், மாக்ஸ் ஆக்கர்மன் ஆகியோர் அவருடன் சேர்ந்தார்கள்.

முறை இதுதான். உறுப்பைப் பதப்படுத்தி, ஆல்கஹாலில் ஊறவைத்து, காற்றுக் குமிழிகளை நீக்கி, ஜாடிக்குள் அசையாமல் நிறுத்துவார்கள். அசையாமல் பிடித்துக்கொள்வது எது தெரியுமா? நோன்புக் கஞ்சி நாட்களில் பல வீடுகளில் ஜெல்லி செய்வோமே, அதே கடல்பாசிதான்! திசுக்களின் ஓரங்களைக் கடக்கும்போது எக்ஸ்ரே இம்மியளவு வளையும். கருவியைத் தள்ளி வைத்தால் அந்த வளைவு படத்தில் விழும். டை தேவையில்லை. முழு உறுப்பையும் முதலில் பார்த்துவிட்டு, சந்தேகப்பட்ட இடத்தில் ஒரு மைக்ரான் அளவு வரை நெருங்கிப் போகலாம். வெட்டவே வேண்டாம்.

2021 நவம்பரில் முடிவுகள் வெளியாயின. நுரையீரலுக்கு இரண்டு ரத்த ஏற்பாடுகள் உண்டு. ஒன்று, ரத்தத்தை ஆக்சிஜன் ஏற்றிக்கொள்ள அழைத்துப் போவது. இன்னொன்று, நுரையீரல் திசுவுக்கே சாப்பாடு போடுவது. கொரோனாவில் இறந்தவரின் நுரையீரலில் இவை இரண்டுக்கும் நடுவே குறுக்குத் தொடர்புகள் உண்டாகியிருந்தன. காற்றறைப் பக்கம் போக வேண்டிய ரத்தம், குறுக்கு வழியில் நழுவி, ஆக்சிஜன் ஏற்றிக்கொள்ளாமலே திரும்பிவிடும். ஆக்ஸிமீட்டர் எண் சரிந்ததற்கான காரணங்களில் ஒன்று இது. அதுவரை வெறும் சந்தேகமாக இருந்தது, கண்ணுக்கே தெரிந்துவிட்டது.

'எங்க அப்பாவுக்கும் இப்படி ஒரு ஸ்கேன் எடுக்கலாமா?' என்று கேட்காதீர்கள். இவ்வளவு கதிரை உயிருள்ள உடம்பு தாங்காது. இது இறந்தவர்கள் இருப்பவர்களுக்குச் சொல்லித் தரும் பாடம். அதே ஊரில் உடல் தானம் செய்தவர்களின் இதயம், மூளை, சிறுநீரகமும் இப்படிப் படமாகி, மனித உறுப்பு அட்லஸ் என்று இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. உங்கள் போனிலேயே பார்க்கலாம்.

பார்க்கும்போது ஒரு நிமிடம் நிதானியுங்கள். அது யாரோ ஒருவருடைய அம்மாவின் இதயமாக இருக்கலாம்.