‘ரிதெனவா’வுக்குள் அடங்காத வலி

“எக்ஸ்ரேயில ஒன்னுமில்ல. சும்மா யோசிக்காம இருங்க, சரியாயிடும்.”

பல வருஷமாக இடுப்புவலியோடு கிளினிக்குக்கு நடக்கும் எங்கள் பக்கத்துப் பெண்கள் அடிக்கடி கொண்டுவரும் பதில் இது. கூடவே கொஞ்சம் பனடோல். வீட்டுக்கு வந்தால் சித்தாலேப. பட்டிப்பொல மாதிரி 1,891 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊரில் குளிர் மேல் பழியைப் போடுவதும் சுலபம்.

“மனசுதான் காரணம்” என்றால் நம்ம ஆட்களுக்குக் கோபம் வரும். நியாயமான கோபம். “நீ நடிக்கிற” என்றுதான் அது காதில் விழுகிறது. ஆனால் மனசும் சமூகமும் வலியைக் கூட்டும், குறைக்கும் என்பது உண்மை. அந்த உண்மையைப் பாதியில் விட்டால் பழி நோயாளி மேல் விழும். கடைசிவரை கொண்டுபோனால் ஆஸ்பத்திரிக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் பொறுப்பு வரும். நாங்கள் சொல்ல வருவது இதைத்தான்.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை நாட்பட்ட வலி என்கிறார்கள். காயம் ஆறின பிறகும் நரம்புமண்டலம் உஷாராகவே இருந்து, சின்ன அசைவுக்கும் பெரிசாகச் சத்தம் போடலாம். 1965இல் ரொனால்ட் மெல்சாக், பட்ரிக் வோல் என்ற இருவர், முதுகுத்தண்டில் வலிச் செய்தியைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு ‘கதவு’ இருக்கிறது, மூளையிலிருந்து வரும் செய்திகளும் அதை அசைக்கும் என்று விளக்கினார்கள். பயம், கவலை, தூக்கமின்மை எல்லாம் வலியைக் கூட்டுவது இதனால்தான். ஆக, எக்ஸ்ரேயில் தெரியாத வலியும் நிஜ வலிதான். சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020இல் வலியின் வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் வலிக்குது என்று சொன்னால் அதை மதிக்கவேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதியது.

சரி, மலையில் அந்தக் கதவைத் திறந்துவிடுவது எது? பாரத்தோடு சரிவில் நாள் முழுக்க நிற்பது உடம்புக் காரணம். அதுக்கு மேல, கிலோ குறைந்தால் அரைப்பேர் ஆகிவிடுமோ என்ற பயம். வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை. 2026க்கான வரவுசெலவுத் திட்டத்தில் நாட்சம்பளத்தை 1,350 ரூபாவிலிருந்து 1,550 ஆக்கி, வருகைக்காக இன்னும் 200 ரூபா தருவதாக அறிவித்தார்கள். அந்தக் காசு கட்டாயம் தேவை. ஆனால் வலி தாங்காமல் வீட்டில் நிற்கும் நாளின் நட்டமும் அதோடு கூடுகிறது. பொழுதுபட்டால் லயத்தில் அடுப்பு, துணி, பிள்ளைகள். பிறகு கடன் தவணையை யோசித்துக்கொண்டே விடியும் இரவு.

வழக்கமான ஆலோசனைகள் இங்கேதான் சறுக்குகின்றன. “ரெஸ்ட் எடுங்க” என்றால் சம்பளம் போகும். 2018இல் லான்செட் இதழின் இடுப்புவலிக் கட்டுரைகள், படுத்தே கிடக்காமல் இயங்கிக்கொண்டு இருக்கச் சொன்னன. நல்ல அறிவுரை. ஆனால் தினமும் மலையேறுகிற ஒரு அக்காவிடம் “நல்லா நடங்க” என்றால் சிரிப்பார். அவருக்கு வேண்டியது, வேலையைக் கொஞ்சநாள் குறைத்து, பிறகு படிப்படியாகக் கூட்டுவது. டொக்டர் தனியாக இதைச் செய்ய முடியாது. கங்காணியும் துரையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது மொழி. குத்துது, கடுக்குது, எரியுது, இழுக்குது, மரத்துப்போகுது, விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது. நம்ம அம்மாமார் வலிக்கு வைத்திருக்கும் சொற்கள் இவ்வளவு. எரிவும் மரமரப்பும் நரம்பு சம்பந்தப்பட்ட வலியைக் காட்டலாம். அதுக்கு மருந்தே வேறு. தமிழ் தெரியாத டொக்டருக்கு முன்னால் இத்தனையும் “கொந்த ரிதெனவா” என்று சுருங்கிவிடுகிறது. இடுப்பு வலிக்குது, அவ்வளவுதான். 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியானது. கிளினிக் மேசைக்கு அது இன்னும் சரியாக வந்து சேரவில்லை.

“முதல்ல சம்பளம், வீடு, காணி. வலியை அப்புறம் பார்ப்போம்” என்று சில தோழர்கள் சொல்வார்கள். சம்பளமும் வீடும் இல்லாத குறை அந்த இடுப்பில்தான் வந்து உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்தே கேட்கலாம்.

நாங்கள் கேட்பது மூன்று. டொக்டர் துண்டு கொடுத்தால், சம்பளம் வெட்டாமல் சில வாரம் இலகு வேலை. தோட்ட மக்கள் வரும் ஆஸ்பத்திரிகளில் தமிழில் கேட்டுச் சொல்ல ஒரு ஆள். கிளினிக்கில் “எங்க வலிக்குது”வோடு “ராத்திரி தூங்குறீங்களா, எதுக்குப் பயப்படுறீங்க” என்ற கேள்விகளும்.

அது வரும்வரை நம்மால் ஆனது ஒன்று இருக்கிறது. அடுத்த கிளினிக் நாளுக்கு முந்தின இரவு அம்மாவிடம் கேளுங்கள்: எப்படி வலிக்குது, எந்த வேலையில் கூடுது, எப்போ குறையுது. அவர் சொல்வதைச் சிங்களத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். முடிந்தால் கூடவே போங்கள்.