அடுக்களையும் மேன்மாடியும்

இலண்டன் மாநகருக்குச் செல்லும் நம்மவர் அரண்மனையையும் பெரிய நூதனசாலைகளையும் கண்டு களித்துத் திரும்புவர். அடியேனோ, அங்கு தங்கிய சில நாட்களுள் ஒன்றைச் செல்சிப் பகுதியிலுள்ள ஒரு வீட்டுக்கென ஒதுக்கினேன். அறிஞர் தோமஸ் கார்லைல் 1834 முதல் 1881 இல் இறக்கும்வரை குடியிருந்த வாடகை வீடு அது.

மாணவப் பருவந் தொட்டே அவரிடம் எனக்குப் பெருமதிப்பு உண்டு. பிரெஞ்சுப் புரட்சி பற்றிய அவரது நூலின் முதற் பாகம், நண்பர் ஜோன் ஸ்டுவர்ட் மில்லிடம் வாசிக்கக் கொடுக்கப்பட்டிருந்த வேளையில், 1835 இல் தீக்கிரையாயிற்று. அவர் மனந்தளராது அதனை மீண்டும் எழுதினார். விடாமுயற்சிக்கு உதாரணமாக இக்கதையை நான் சொல்லாத வகுப்பில்லை.

1895 முதல் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிடப்பட்டுள்ள அவ்வீட்டிற் கதிரை, மேசை, நூல்கள் யாவும் அக்காலத்து முறைப்படியே இடப்பட்டுள்ளன. அவற்றுட் பல கார்லைல் தம்பதிகளே பயன்படுத்தியவை. நான் முதலில் விரைந்தது மேன்மாடிக்கே. தெருவோசையும் அயல்வீட்டுச் சேவல்களின் கூவலும் இடையூறு செய்ய, 1853 இல் இரட்டைச் சுவர் வைத்து, கூரைக் கண்ணாடி வழியே ஒளி வருமாறு அவர் கட்டுவித்த அறை அங்கே உள்ளது. இத்தனை செய்தும் ஓசை அடங்கியபாடில்லை. ஆயினும், பிரெடெரிக் மன்னரின் வரலாற்றை அங்கிருந்தே எழுதி 1865 இல் நிறைவு செய்தார்.

பின்னர், நிலமட்டத்துக்குக் கீழேயுள்ள அடுக்களைக்கு இறங்கினேன். பணிப்பெண் சமைத்ததும் அங்கேதான், படுத்துறங்கியதும் அங்கேதான். இரவில் கார்லைல் அவ்வடுப்பருகே அமர்ந்து, புகைபோக்கி வழியே புகை செல்லச் சுங்கான் பிடிப்பது வழக்கம். அவர் எழுந்து செல்லும்வரை, விடியுமுன் எழவேண்டிய அப்பெண் எங்கே தலைசாய்த்திருப்பாள்?

அவர் மனைவி ஜேன் கூரிய அறிவு படைத்தவர். அவருடைய கடிதங்களை இன்றும் அறிஞர் போற்றுவர். சேவல்களின் பொருட்டு அயலவரோடு பேசித் தீர்த்தவர் அவரே. 1843 இல் வீட்டைப் புதுப்பித்தபோது, கணவர் வெளியூர் சென்றுவிட, வேலையாட்களின் ஆரவாரத்தினிடையே இருந்தவரும் அவரே. 1866 இல் ஜேன் திடீரென இறந்தார். அவர் எழுதிவைத்த ஏடுகளைப் படித்தபின்னரே, அவர் உள்ளம் பட்ட பாட்டைக் கார்லைல் முற்றாக உணர்ந்தார்; எஞ்சிய நாளெல்லாம் வருந்தினார்.

அடுக்களையில் நின்ற எனக்கு என் வீடு நினைவுக்கு வந்தது. நான் விடைத்தாள் திருத்தும் நாட்களிற் பிள்ளைகள் வாய்திறவார், பாத்திரங்களும் ஒலியா. அவ்வமைதி தானாகவே உண்டாவதென்றல்லவோ இத்தனை ஆண்டுகளும் எண்ணியிருந்தேன்!

ஊர் திரும்பியதும் மேன்மாடி அறையின் சிறப்பை மனைவியிடம் விரித்துரைத்தேன். பொறுமையுடன் கேட்டிருந்தவள், “அவ்வளவு படியும் ஏறி அவருக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தது ஆர்?” என்று மட்டுங் கேட்டாள்.

மாணவச் செல்வங்களே, கார்லைலிடம் எனக்குள்ள மதிப்புக் குறைந்துவிடவில்லை. ஆனால், அடுத்த தவணையில் அவர் கதையை வகுப்பிற் சொல்லும்பொழுது, அடுக்களையிலிருந்து தொடங்குவதென்று முடிவு செய்திருக்கிறேன்.