விடுமுறை முடிந்த பின்?

பெண்பிள்ளைகளுக்குக் கணினி அறிவியல் இயல்பாக வராது என்று கூறுவோர் இன்றும் உளர். அந்தக் குறையை ஈடுசெய்யவே கோடை விடுமுறைப் பயிற்சி முகாம்கள் நடத்தப்படுகின்றன என்றும் அவர்கள் முடிவு கட்டுகின்றனர். முகாம் நல்லது, அதற்கு அவர்கள் கற்பிக்கும் காரணம் பொய்.

1946ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் உலகறியக் காட்டப்பெற்ற எனியாக் கணினியை இயக்கும் முறையை வகுத்த அறுவரும் பெண்களே. 1984இல் அமெரிக்காவில் கணினி அறிவியல் இளங்கலைப் பட்டம் பெற்றோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 37 பேர் பெண்கள். 2010ஐ ஒட்டி அத்தொகை 18 அளவுக்குச் சரிந்தது. இடைப்பட்ட காலத்தில் பெண்ணின் மூளையா சுருங்கிவிட்டது? வீட்டுக் கணினி ஆண்பிள்ளையின் பொருளாக விளம்பரம் செய்யப்பட்டது. அவ்வாறு பழகி வந்தவனையே கல்லூரியும் அளவுகோலாகக் கொண்டது.

நம் நாட்டைப் பாருங்கள். மலாயாப் பல்கலைக் கழகத்தின் கணினித் துறையில் மாணவியரே மிகுதியாக இருந்ததை 2000க்குப் பிந்திய ஆய்வுகள் காட்டின. அலுவலகத்துள் அமர்ந்து செய்யும் பணி, பெண்ணுக்கு ஏற்றது என்று இங்கு எண்ணினர். ஒரே அறிவியல் அங்கே ஆணுக்குரியது, இங்கே பெண்ணுக்குரியது என்றால், பழியை இயற்கையின்மேல் போடுவது எங்ஙனம் பொருந்தும்?

2012இல் ரேஷ்மா சௌஜானி தொடங்கிய 'கேர்ள்ஸ் ஹூ கோட்' அமைப்பு நியூயார்க்கில் 20 மாணவியருடன் தன் முதல் கோடைப் பயிற்சியை நடத்தியது. தன்னை ஒத்த பெண்கள் நடுவே அமர்ந்து, பிழை நேருமோ என்று அஞ்சாமல், தானே ஒரு நிரலை எழுதி இயக்கிப் பார்க்கும் வாய்ப்பைப் பதின்ம வயதுப் பெண்ணுக்கு இத்தகைய முகாம் தருகிறது. அது பெரும்பேறே. ஆயினும் சில வாரங்களில் திறந்த கதவைப் பள்ளி ஆண்டு முழுவதும் அடைத்து வைத்தால் பயன் என்ன?

கார்னகி மெலன் பல்கலைக் கழகத்தில் 1995இல் கணினி அறிவியலில் சேர்ந்தோருள் பெண்கள் நூற்றுக்கு 7 பேர். 2000இல் 42 பேர். முன்னரே நிரல் எழுதியிருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பை அங்கே தளர்த்தினர். புதியவர்க்கேற்பத் தொடக்கப் பாடங்களை வகுத்தனர். பள்ளி ஆசிரியர்க்கும் கோடையில் பயிற்சி அளித்தனர். மாறியது நிறுவனமேயன்றிப் பெண்ணின் அறிவன்று.

ஆகவே, முகாம் நடத்துவோரே, விடுமுறை முடிவில் சான்றிதழ் வழங்கிப் படம் பிடித்துக்கொள்வதோடு கடமை தீர்ந்தது என்று கருதாதீர்! பள்ளிக் கணினிக் கூடத்தில் அப்பெண்ணுக்கு வாரந்தோறும் இடமும் ஆசிரியரும் உண்டா என்று கேளுங்கள். இல்லையெனில், அவற்றைப் பெற்றுத் தரும் வரை ஓயாதீர்!